சபாநாதன் பேசிய வசனம்

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சப்பாத்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் நாடக மன்றச் செயலாளர் ரவி அழைத்தான். "அண்ணை, சபா அண்ணை மோசம் போயிட்டார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "செத்தவீட்டுக்கு வருவியளோ?" என்றான். வரமாட்டேன் என்று நினைத்துக் கேட்ட கேள்வி அது. "ஏன் வராமல்?" என்றேன். சப்பாத்தை வாங்காமலே வெளியே வந்தேன்.

நடிகர் சபாநாதனின் முகம் நோர்வேயில் பலருக்குத் தெரியும், பெயர் தெரியாது. இங்குள்ள தொடர்களில் அவர் டாக்சி ஓட்டினார், கடையில் நின்றார், வைத்தியசாலைத் தரையைத் துடைத்தார். முடிவில் ஓடும் பட்டியலில் "டாக்சிச் சாரதி", "கடைக்காரர்" என்றே வரும். ஒருமுறை பிணமாகவும் கிடந்தார். அதற்கும் வீட்டில் ஒத்திகை பார்த்தவர். "கதைக்கிறவன் எப்பிடியும் தப்பிவிடுவான். மூச்சு விடாமல் கிடக்கிறவனுக்குத்தான் நடிப்பு வேணும்" என்பார். அந்தக் காட்சி வந்ததும் மனைவி அழுது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், முதன்முதலாகப் பெயருள்ள பாத்திரம் ஒன்று கிடைத்தது. மகளை அடிக்கும் தமிழ்த் தகப்பன்.

நான் நோர்வேஜிய மொழியை எவரிடமும் படித்ததில்லை. பேச்சின் வேகம் குழப்புவதால் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, கீழே ஓடும் எழுத்தை வாசித்தே கற்றேன். அந்தக் காட்சியையும் அப்படித்தான் பார்த்தேன். அவர் கை ஓங்கியிருந்தது. கீழே, "எங்கள் மானத்தை வாங்கிவிட்டாய்" என்று எழுத்து ஓடியது.

மறு வாரம் எல்லிங்ஸ்ருட்டில் மன்றக் கூட்டம். மன்றத்தவர் உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். இனி அவர் எங்கள் மேடையில் ஏறக்கூடாது என்ற தீர்மானத்தை நான்தான் கொண்டுவந்தேன். அந்தத் தொடரைப் பார்க்காத நீங்கள் என் சொல்லை நம்பினீர்கள்.

"எங்கடை சனத்தைக் காட்டுமிராண்டியள் எண்டு காட்டத்தானோ போனனீர்?"

"நீர் சத்தம் வைச்சுப் பாத்தனீரோ?" என்று கேட்டார்.

"உம்மடை சத்தத்தை இருபது வரியமாக் கேட்டு அலுத்துப்போச்சு."

எல்லோரும் சிரித்தீர்கள். அவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு மெட்ரோவில் எதிரெதிரே இருந்தபோதும் நாங்கள் கதைக்கவில்லை. சாகும்வரை அவர் எங்கள் மேடையில் ஏறவும் இல்லை.

செத்தவீட்டில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். அந்தத் தொடரில் மகளாக நடித்தவள். இங்கே பிறந்தவள், இப்போது பேர்கனில் தாதி.

"மாமா, நீங்கள் கீழை ஓடுற உன்னர்தெக்ஸ்ட் மட்டுமோ வாசிச்சனீங்கள்? அது படம் எடுத்தவங்கள் பிறகு எழுதினது. உங்கடை பாஷையிலை கோவமா ஏதாவது கத்துங்கோ எண்டுதான் அவருக்குச் சொன்னவங்கள். எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு. பயத்திலை நடுங்கிக்கொண்டு நிண்டனான்."

அன்று மாலையே அந்தப் பகுதியைத் தேடியெடுத்து, சத்தம் வைத்துப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்க, வீடு அதிரும் குரலில் சபாநாதன் கத்துகிறார்: "பயப்பிடாதை பிள்ளை! என்ரை கை உன்னிலை படாது! தலையை மற்றப் பக்கம் திருப்பு! இன்னும் கொஞ்சம்தான், முடிஞ்சுது!"

மூன்று முறை பார்த்தேன்.

அந்த வேடத்தை அவர் ஏற்றிருக்கக் கூடாது என்று இப்போதும் சொல்கிறேன். அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தத் தீர்மானம் பிழை. அதை நீக்கவேண்டும் என்றதற்கு ரவி, "செத்த ஆளுக்கு இனி என்ன மேடை, அண்ணை?" என்றான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானே எழுந்து கேட்பேன். ஒருவரும் கை உயர்த்தாவிட்டால் என் கை மட்டும் உயர்ந்திருக்கட்டும்.

பெயருள்ள ஒரே வேடம் கிடைத்தபோது, அதில் தனக்குக் கிடைத்த வசனம் முழுவதையும் பயந்து நின்ற ஒரு பிள்ளைக்குக் கொடுத்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதை. அன்று கூட்டத்தில் இதை என் முகத்துக்கு நேரே சொல்லாமல் போனாரே, அதை மட்டும் மன்னிக்கமாட்டேன்.