எதிர்க்கடைக்காரி சொன்ன பொய்

வினோலியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் அவளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் திண்டுக்கல்லில் கிடையாது. இரண்டு வருஷமாக அவள் கடைக்கு நேர் எதிரில் உட்கார்ந்துகொண்டு நான் வேறு என்ன செய்தேன்?

நான் ஆண்டனிராஜ். நாகல்நகரில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பவர் பட்டனை ஒரு தடவை அமுக்குவேன், மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்பேன், மதர்போர்டு போச்சா இல்லையா என்று ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். அண்ணன் சொன்னா சொன்னதுதான் என்று பேகம்பூர் வரைக்கும் எனக்குப் பெயர். அந்தப் பெயரைத் தவிர நான் பெரிதாக எதையும் சம்பாதிக்கவில்லை.

அவள் பஞ்சம்பட்டிக்காரி. அப்பா மினி பஸ் டிரைவர். பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஏழு வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு ரிப்பேர் பார்த்திருக்கிறாள். புருஷனுக்கு இங்கே பள்ளிக்கூட வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு வந்துவிட்டாள். ஊரில் வேறு தெருவே இல்லாத மாதிரி என் கடைக்கு எதிரிலேயே வந்து ரிப்பேர் கடை போட்டாள்.

அவள் வேலை செய்கிற விதமே எனக்கு ஆகாது. வந்த ஆளை முதலில் ஸ்டூலில் உட்காரச் சொல்வாள். கடைசியாக என்ன நடந்தது, யார் திறந்தது, ஏதாவது வாடை வந்ததா என்று வரிசையாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வாள். அதற்கப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுப்பாள். நான் ஒரு நிமிஷத்தில் சொல்வதற்கு அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். ஜனங்களோ அந்த அரை மணி நேரத்துக்காகவே அவளிடம் போனார்கள்.

என் பெண்டாட்டி ரோசலின் ஒருநாள் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, “அந்தப் புள்ள எம்புட்டுப் பொறுமையாக் கேக்குது பாருங்க. நீங்க வந்தவுக வாயத் தொறக்கமுன்னயே போச்சுங்கிறீக” என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தப்ரேஸ் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேகம்பூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர். பன்னிரண்டு வருஷமாக என் கடையைத் தவிர வேறு கடை ஏறாதவர். அந்தக் கம்ப்யூட்டரின் கேபினட், அதாவது வெளித் தகரப்பெட்டி, துருப்பிடித்துவிட்டது என்று, நாலு நாளைக்கு முன்னால் நான்தான் உள்ளே இருந்ததையெல்லாம் புதுக் கேபினட்டுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன்.

“டேபிள நகட்டுனேண்ணே, அப்பிடியே அமந்துருச்சு. வியாழக்கிழமைக்குள்ள பத்திரிகை குடுக்கணும்” என்றார்.

பட்டனை அமுக்கினேன். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. “போர்டு போச்சு பாய். புதுசு வாங்கிருங்க” என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “கோவிச்சுக்கிறாதீங்கண்ணே. செத்த நேரம் எதிர்த்த கடையில காட்டிட்டு வாரேன்.”

தாராளமாகக் காட்டுங்கள் என்றேன். அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டேன். தொலைந்ததை மீட்டுத் தருகிறவரிடம் போய், போனது போனதாகவே இருக்கட்டும் என்று கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதற்குமேல் உட்காரவும் முடியவில்லை. பிராசசருக்குத் தடவுகிற பேஸ்ட் கடன் கேட்கிற சாக்கில் அவள் கடைக்குப் போய் நின்றேன்.

“கடைசியா இதத் தொறந்தது யாரு பாய்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணந்தான். கேபினட்ட மாத்திக் குடுத்தாரு.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். போர்டைக் கழற்றி வெளியே எடுத்தாள். ஒரு அட்டைப்பெட்டியின் மேல் வைத்து மின்சாரம் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவர் நுனியால், பவர் பட்டன் வயர் சொருகுகிற இரண்டு ஊசிகளைத் தொட்டாள். விசிறி ஜம்மென்று சுற்றியது. திரையில் எழுத்து வந்தது.

வெளியே ஓடுகிற போர்டு கேபினட்டுக்குள் ஓடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? போர்டு தகரத்தில் படாமல் இருக்க அடியில் பித்தளைத் திருகுகள் கால் மாதிரி நிற்கும். புதுக் கேபினட்டில் எல்லா அளவு போர்டுக்கும் சேர்த்து அவை கூடுதலாக இருக்கும். வேண்டாததைக் கழற்றிவிட்டுத்தான் போர்டை உட்காரவைக்க வேண்டும். நான் ஒன்றை விட்டுவிட்டேன். போர்டின் முதுகில் கடுகளவு கறுப்பாக அது குத்திய தழும்பு தெரிந்தது. டேபிள் குலுங்கியதில் நன்றாகப் பட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. அதைக் கொன்றவனும் நான், செத்துவிட்டது என்று சொன்னவனும் நான்.

தப்ரேஸுக்கு யாரோ கல்யாண வீட்டார் போன் செய்ய, அவர் வாசலுக்குப் போனார். வினோலியா அந்தத் திருகைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டாள். அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்து, “அடடே! அப்ப போர்டு போகலையாக்கா?” என்றார். என் பதினெட்டு வருஷமும் அவள் வாய்க்குள் இருந்தது.

“அண்ணன் சொன்னது சரிதான் பாய். கோளாறு போர்டுலதான், பின்பக்கம் அடி வாங்கியிருக்கு. டேபிள நகட்டுனீங்கள்ல, அதுலதான். நல்லவேளை, பொழச்சுக்கிருச்சு” என்றாள். என் பக்கம் திரும்பி, “நீங்க கேட்ட பேஸ்ட்டுண்ணே” என்று கையில் கொடுத்தாள். முகத்தில் ஒரு நக்கல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கரெக்டாச் சொல்லிப்புட்டீங்களேண்ணே!” என்று தப்ரேஸ் என் தோளைத் தட்டினார். தப்பு என்னுடையதுதான் பாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “பின்ன?” என்றுதான் வந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் திருகை உள்ளங்கையில் வைத்துத் தெருவுக்கே காட்டியிருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் இப்போது எரிச்சல் இன்னும் அதிகம். முன்பெல்லாம் அவள் கைவேலையைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். வேலையையாவது முக்கி முனகிக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு மாசம் ஆகிறது. இன்னும் தப்ரேஸிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவரோ போகிற இடமெல்லாம் என் பெருமையைப் பேசுகிறார். அன்றைக்கு அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், காலமெல்லாம் அவளை நிம்மதியாகத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். பாவி, அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.