படத்தின் பின்பக்கம்

ஆங்கிலேயர் காலத்து அச்சுப் படங்களைச் சேர்ப்பது என் பைத்தியம். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா, தன் அம்மாவின் பெட்டியில் கிடந்த ஒரு துரையின் படத்தை எனக்குக் கொடுத்தார். பின்பக்கம் மங்கலாகப் பென்சில் எழுத்து இருந்தது. படிக்காமலே ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டேன்.

தன் அம்மா இறந்த மறுநாள் அக்கா வந்தார்.

"பொறந்தன்னிக்கே செத்துட்ட என் தம்பி பேரு அந்தப் படத்துக்குப் பின்னாடி கீதுன்னு அம்மா சாவறப்ப சொல்லிச்சு. இன்னா பேருன்னு படிச்சு சொல்லுப்பா. கல்லறையில அம்மா பேரோட அவன் பேரையும் சேத்துப் போடணும்."

"உங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"அம்மா வாய்விட்டு சொன்னதே இல்ல."

அழித்துவிட்டேன் என்றேன். அவர் திட்டவில்லை. காகிதத்தை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

துரையின் பெயர் படத்தின் கீழே அச்சில் அப்படியே இருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயரை இனி யாராலும் சொல்ல முடியாது.