துரைக்குச் சொன்ன ‘ஆகட்டுங்க’

அணையின் அடிமதகு வழியாக வரும் தண்ணீருக்குத் தனிக் குளிர் உண்டு. தலையில் வெயில் காயும், கணுக்கால் மட்டும் மரத்துப்போகும். கார்த்திகை மாதம் என்றால் கேட்கவே வேண்டாம்... இப்போது நினைத்தாலும் பாதம் கூசுகிறது.

தொண்ணூற்று மூன்று வயதில் நான் சொல்லச் சொல்ல, பேத்தி டைப் செய்கிறாள். பிழை இருந்தால் அவளுடையது. சங்கதி என்னுடையது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. புதிதாகக் கல்யாணமாகி, அணை ஆபீஸில் கிளார்க் வேலை. நாலு வார்த்தை இங்கிலீஷ் வந்ததால், வெள்ளைக்காரர்கள் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்ட இன்ஜினியர் துரை ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகையில் வலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும் வேலையும் என் தலையில் விழுந்தது.

துரை மண்புழுவைத் தொட மாட்டார். ஊட்டிப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடித்துப் பழகியவர். தூண்டில் முள்ளில் கோழி இறகை வைத்துப் பட்டு நூலால் சுற்றி, ஈ மாதிரி ஒன்று செய்வார். கயிற்றைச் சாட்டை போல முன்னும் பின்னும் வீசுவார்... கடைசியில் அந்தப் பொய் ஈ சத்தமே இல்லாமல் தண்ணீர்மேல் உட்காரும். பார்க்க அழகுதான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மதகுக்குக் கீழே, கல்லோரம் ஒரு பெரிய கெண்டை இருந்தது. தெளிந்த தண்ணீரில் ஓட்டத்துக்கு எதிராக அசையாமல் நிற்கும். ஈ பக்கத்தில் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். மூன்று ஞாயிறு இதே கதை. ட்ரவுட்டை விடப் பொல்லாததாக இருக்கிறது, இறகின் நிறம் சரியில்லை என்றார் துரை.

அந்த நிறம் எங்கள் வீட்டு வாசலில் மேய்ந்துகொண்டிருந்தது.

என் மனைவி பாவாயியின் அண்ணன் நாச்சிமுத்து, வெள்ளகோவிலில் வளர்த்த சண்டைச் சேவல் அது. சாம்பல் உடம்பு, தேன் நிறத்தில் மினுங்கும் கழுத்து. மலாயா தோட்டத்து வேலைக்குக் கப்பல் ஏறும் முன், கூடையில் வைத்துக் கொண்டுவந்து தங்கச்சியிடம் கொடுத்தார். “நான் திரும்பி வந்து இவன் கூவறதக் கேக்கோணும் அம்மணி” என்றார். பாவாயிக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் அந்த அண்ணன் ஒருவர்தான். அவருக்குக் கடிதம் எழுதத் தெரியாது. அவர் கப்பல் ஏறிய பிறகு அவளுக்கு அந்தச் சேவல்தான் அண்ணன்.

ஒரு ஞாயிறு ஆற்றிலிருந்து திரும்பும்போது துரை அதைப் பார்த்துவிட்டார். கழுத்து இறகு வேண்டும், சேவலைத் தருவாயா என்று கேட்டார். பயத்தில் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

“ஆகட்டுங்க” என்றேன்.

நம் பக்கத்தில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. காதில் விழுந்தது, பார்க்கலாம் என்று அர்த்தம். பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட ஆகட்டுங்க என்றுதான் அனுப்பிவைப்போம். வேண்டாம் என்ற சேதி பத்து நாள் கழித்து ஆள் மூலமாகப் போகும். பக்கத்தில் நின்ற துரையின் பட்லர் பட்டணத்து ஆள். “எஸ் சார்” என்று துரைக்கு எடுத்துச் சொன்னான். அது என் காதிலும் விழுந்தது... நான் திருத்தவில்லை.

மறுநாள் நான் ஆபீஸில் இருந்தபோது பட்லர் வீட்டுக்கு வந்திருக்கிறான். உன் வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார் என்றதும், பாவாயி தன் கையாலேயே பிடித்துக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் கழுத்துத் தோலை மட்டும் எடுத்துக்கொண்டு, கறி உங்களுக்கு என்று மீதியைத் தட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவள் அதைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

“நீங்க ஆகட்டும்னு சொன்னீங்களாமுங்க” என்றாள்.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றேன்.

“அது தொரைக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமுங்களே.”

அடுத்த ஞாயிறு, அந்தத் தேன் நிற ஈ தண்ணீரில் உட்கார்ந்த முதல் வீச்சிலேயே கெண்டை கவ்வியது. அரை மணி நேரம் இழுத்து ஓய்ந்ததை நான்தான் வலையில் ஏந்தினேன். துரை டேப் வைத்து அளந்தார், சிரித்தார், ஆற்றிலேயே விட்டுவிட்டார். விளையாட்டுக்குப் பிடிப்பவர்கள் சாப்பிட மாட்டார்களாம். மீன் வாலை ஒரு அடி அடித்துவிட்டு அதே கல்லோரத்துக்குப் போய்விட்டது.

எல்லாம் உன் சேவலால்தான் என்று துரை என் தோளைத் தட்டினார். “சந்தோசமுங்க” என்றேன். அந்த வாய் என்னுடையதுதான். நினைத்தால் இன்றும் கசக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து நாச்சிமுத்து மச்சான் வந்தார். வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே அதைத்தான்.

“சேவல் எங்க அம்மணி?”

“தொரை கேட்டாருங்கண்ணா. நாந்தான் குடுத்துப்போட்டேன்.”

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நானோ உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்... அவர் குடிக்காமல் போனார்.

எங்கள் மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இல்லை. யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் மடியில் உட்கார்ந்து குழந்தை அழுதது. பாவாயி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சான் இறந்த அன்றைக்குத்தான் அவள் அண்ணன் வீட்டுப் படியை மறுபடி மிதித்தாள்.

சாகிற வரைக்கும் அவள் வாயிலிருந்து ‘ஆகட்டுங்க’ என்ற சொல் வரவில்லை. முடியுமுங்க, இல்லாவிட்டால் முடியாதுங்க. அவ்வளவுதான்.

போன மாதம் பேரன் காரில் அணைக்குக் கூட்டிப் போனான். மதகுக்குக் கீழே இப்போது மீன் வறுக்கும் கடைகள், செல்ஃபி எடுக்கும் கூட்டம். தண்ணீரில் கால் வைத்தேன்... அதே குளிர்.

அன்றைக்கு நாங்கள் ஆகட்டுங்க என்று தப்பித்துக்கொண்டோம். இன்றைக்கு நீங்கள் எதற்கெடுத்தாலும் ஓகே போட்டுத் தப்பித்துக்கொள்கிறீர்கள்.

நாச்சிமுத்து மச்சானின் பேரப்பிள்ளைகள் இந்தக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் தாத்தாவின் சேவலை உங்கள் அத்தைப்பாட்டி கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன்.

தயவுசெய்து இதற்கு யாரும் கட்டைவிரல் போட வேண்டாம்.