நெஞ்சுத் தண்ணீரை வற்றச் செய்தவர்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் ஒரே மகன் சாமுவேல் என் கண் முன்னாலேயே செத்துக்கொண்டிருந்தான். நாங்கள் அது தெரியாமல் கைதட்டித் துதித்துக்கொண்டிருந்தோம்.

நான் அஞ்சாம் கிளாஸ்தான். ஆனால் நம்ம தெற்கத்தி நாசரேத் பக்கமிருந்து வந்து, டெல்லியில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்கிற தொழிலை ஒத்தை ஆளாக நிமிர்த்தினவன். பெரிய பெரிய ஆபீசர் வீட்டம்மாமார்கூட என் பேரைச் சொல்லித்தான் ஆள் கேட்பார்கள்.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. சாமுவேல் முனிர்கா ஏரியாவில் ஒரு ரூமுக்கு மருந்து அடிக்கப் போனான். குளிருக்குப் பயந்து அங்கே ஜன்னலையெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தார்களாம். முதுகில் மாட்டுகிற பம்பு ஒழுகி அவன் சட்டையும் நனைந்திருக்கிறது. சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபம். தாமதமாகிவிடும் என்று, நனைந்த சட்டைக்கு மேலே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்துவிட்டான்.

பாட்டு நடுவில் அவன் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். வாயில் எச்சில் ஒழுகுது. அந்தக் குளிரிலும் வேர்வை. உடம்பெல்லாம் துள்ளுது. பக்கத்தில் பாட்டு நடத்திக்கொண்டிருந்த தங்கராஜ் அண்ணாச்சி எழுந்து, "ஆவியோட அபிஷேகம் இறங்குது! யாரும் தொடாதீங்க!" என்று சத்தம் போட்டார். நானும் "அல்லேலூயா" என்றேன். என் வீட்டில் இறங்குதே என்று எனக்குப் பெருமை வேறு.

"அப்பா... சக்கர் வருதுப்பா. தலை சுத்துது. கண்ணு தெரியல."

ஓடிப்போய் அணைத்தேன். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மருந்து நெடி. முகத்தைத் தூக்கினேன். கருமணி குண்டூசி முனையாகச் சுருங்கிக் கிடந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், கூட வேலை பார்த்த ஒருவனை இப்படிப் பார்த்திருக்கிறேன். அவன் பிழைக்கவில்லை.

"அண்ணாச்சி, பாட்டை நிறுத்துங்க! பயலுக்கு மருந்து ஏறிருச்சு!"

ஆட்டோவில் அவன் நெஞ்சு களகளவென்று கொதித்தது. மூச்சு முட்டியது. "செங்கடலை வற்றப்பண்ணினவரே, என் பிள்ளை நெஞ்சுத் தண்ணியை வற்றப்பண்ணும்." வேறு ஜெபம் என் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்து எடுத்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஊசிக்கு மேல் ஊசி. அட்ரோபின் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்தது, உடம்பு அனலாய்க் கொதித்தது. கருமணி அகல விரிந்தது. காற்றில் எதையோ பிடிக்க ஆரம்பித்தான். "பூச்சி ஓடுதுப்பா, பிடி, பிடி!"

என் மனைவி எஸ்தர், "புள்ளைய பைத்தியமாக்கிட்டாங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் டாக்டரம்மாவிடம் பாய்ந்தேன். "நான் யாருன்னு தெரியுமா?"

அந்தப் பொண்ணு மதுரைக்காரி. "நீங்க யாரா வேணா இருங்கப்பா. முதல்ல இதைக் கேளுங்க" என்று கழுத்தில் கிடந்த குழாயை என் காதில் மாட்டி, அவன் நெஞ்சில் வைத்தாள்.

களகளப்பு இல்லை. காற்று மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"நாம சொல்லாமலே கண்ணீர், எச்சில், சளி சுரக்க வைக்கிற நரம்பை விஷம் முடுக்கி விட்டுருச்சு. இந்த மருந்து அதைக் கட்டிப்போடுது. பிதற்றலும் மருந்தாலதான், தெளிஞ்சிரும். நெஞ்சு வத்திருச்சு பாருங்க, அதான் எங்களுக்கு வேணும்."

நான் கேட்டதைக் கர்த்தர் அப்படியே கொடுத்திருந்தார். எவன் முன்னாலும் குனியாத நான் அந்த வார்டுத் தரையில் முழங்கால் போட்டு அழுதேன்.

சாமுவேல் தெளிந்து, நடந்து வீட்டுக்கு வந்தான். அந்தப் பூச்சி மருந்தை அன்றோடு விட்டேன். கையுறை போடாமல் என் ஆட்கள் யாரும் பம்பைத் தொட முடியாது.

பிழைக்க வைத்தது டாக்டரம்மாதானே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பொண்ணை அந்த நேரத்தில் அங்கே நிறுத்தினது யார்? பயந்து கிடக்கிறவர்களே, அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடுகிற ஆட்டோவிலிருந்து கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்கும்.