வெர்னா சொன்ன 'இல்லை'

ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊரில் வெர்னா முப்பது வருஷம் பெண்களுக்கு முடி வெட்டினாள். அதில் கடைசிப் பத்து வருஷம் ஈ ஓட்டினாள். எல்லாம் ஒரே ஒரு வார்த்தையால்.

பண்ணைக் கொட்டகைக்குத் தீ வைத்ததாக ஒரு கூலிக்காரன் மேல் வழக்கு. தீர்ப்புச் சொல்ல ஊர் ஜனங்களிலிருந்து எடுத்த பன்னிரண்டு ஜூரிகளில் இவளும் ஒருத்தி; பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. ஜூரித் தலைவன் இரும்புக்கடை ஆர்லோ. 'அவன் வைத்ததை யாருமே பார்க்கவில்லையே' என்று இரண்டு நாள் மல்லுக்கு நின்றாள்.

"நாளைக்குக் கால்பந்து மேட்ச் இருக்கு. எங்க உயிரை வாங்காதே!" என்று ஆர்லோ எரிந்து விழுந்தான். மற்றவர்களும் பிடுங்கியெடுக்க, அலுத்துப்போய், 'குற்றவாளிதான்' என்பதற்குத் தலையாட்டிவிட்டாள்.

ஆனால் தீர்ப்பை வாசித்த பிறகு, வக்கீல் கேட்டால், ஜூரிகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, "இது உங்கள் தீர்ப்புதானா?" என்று கேட்பார்கள். ஏழு பேர் ஆமாம் என்றார்கள். எட்டாவது வெர்னா. அவள் அந்தக் கூலிக்காரனின் முகத்தைப் பார்த்தாள். "இல்லை" என்றாள். அதற்கப்புறம் யார் சொல்லியும் அவள் மசியவில்லை. வழக்கு படுத்துவிட்டது.

"திமிர் பிடிச்சவ" என்றது ஊர். அவள் கடைப் பக்கம் யாரும் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. சர்ச்சில் அவள் பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவளும் யாரிடமும் போய்ப் பல்லைக் காட்டவில்லை.

ஒன்பதாம் வருஷம் ஆர்லோ, தொப்பியைக் கையில் பிடித்தபடி, அவள் கடை வாசலில் வந்து நின்றான்.

"என் பையன் மேல கேஸ், வெர்னா. அவன் ஒண்ணுமே செய்யல. ஜூரில எவனெவன் வருவானோன்னு பயமா இருக்கு. எங்களுக்காக ஜெபம் பண்ணேன்."

"பண்றேன் ஆர்லோ" என்றாள் வெர்னா. "பன்னிரண்டு பேரும் உன்னை மாதிரியே அமையணும்னு."