மண்டபத்துக்கு நான் கொண்டுபோன கலர் பைகள்

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு புரட்டாசிக் கடைசியில். கட்டணம் இப்போது எவ்வளவோ ஏறியிருக்கும். தூரம் மாறியிருக்காது, எரிச்சலும் மாறியிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

போகக் காரணம் என் மருமகள் கோகிலா. அவள் அப்போது பாக் விரிகுடாவைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் நம் கரை, எதிரே இலங்கை, தெற்கே ராமேசுவரம் தீவும் மணல்திட்டுகளும். கிட்டத்தட்ட அடைபட்ட கடல். உள்ளே போன அழுக்கு சீக்கிரத்தில் வெளியேறாது. அந்தக் கடலின் அடி மண்ணைப் பன்னிரண்டு இடத்தில் அள்ளி, அதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ண வேண்டும். அதற்காக மண்டபத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒன்றரை வயதுப் பேரன் திருப்பூர் அருள்புரத்தில் என்னிடம். என் பேரன் பத்து மாதத்தில் நடந்தவன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பாலிதீன் பைகள் ஈர மண் கனத்தில் கிழிந்துவிட்டன, தண்ணீர் வடிந்து மண் நிற்கும்படி பன்னிரண்டு துணிப்பை வேண்டும், வெள்ளைத் துணி, வருகிற வெள்ளிக்கிழமைக்குள். நான் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவள். படிப்பு ஐந்தாவதோடு நின்றாலும் தையலில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. வெள்ளையில் எல்லாப் பையும் ஒன்றுபோல இருக்கும், எந்தப் பை எந்த இடம் என்று குழம்புவாள் என்று நானே யோசித்து, கட்டிங் வேஸ்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து முப்பத்தாறு பை தைத்தேன். கேட்டது பன்னிரண்டு. மழை பட்டால் நனையாமல் இருக்க, சாயம் ஏறாத கிரே துணி பதினாறு அடியை மூட்டையின் மேல் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

பேரனை மகனிடம் விட்டுவிட்டு, வியாழக்கிழமை விடியற்காலை நாலரைக்குத் திருப்பூரில் பேருந்து ஏறினேன். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை நூற்றெண்பது கிலோமீட்டர், சீட்டு இருபத்தேழு ரூபாய் ஐம்பது காசு. ஒட்டன்சத்திரத்தில் நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டு ஓட்டுநர் இட்லி சாப்பிட்டார். கேட்டதற்கு, "கடல் எங்கயும் ஓடிப் போயிராதும்மா" என்றார். எதிரே தார்ப்பாய் போட்ட உப்பு லாரிகள் வரிசையாக எங்கள் ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சாயப்பட்டறைக்கு உப்பு இல்லாமல் வேலை ஆகாது. மதுரையில் இறங்கும் இடம் ஒன்று, ராமேசுவரம் வண்டி ஏறும் இடம் வேறு. மூட்டையோடு அந்த அலைச்சலுக்கே ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு நூற்றைம்பத்தைந்து கிலோமீட்டர், நின்றுகொண்டே பாதி வழி. மண்டபம் சேர்ந்தபோது மணி மூன்றரை.

கோகிலா மூட்டையைப் பிரித்தாள். அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஏனுங்க அத்தை, வெள்ளைன்னுதானுங்க எழுதியிருந்தேன்? கீழ ரெண்டு கோடு வேற போட்டேன்."

"வெள்ளையில என்ன கண்ணு இருக்குது? இது எக்ஸ்போர்ட் துணி. சாயம் போவே போவாது."

அவள் ஒரு சிவப்புப் பையைக் கடல் தண்ணீர் வாளியில் முக்கிப் பிழிந்தாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "பாத்தியா?" என்றேன். அவள், மண் கெடாமல் இருக்க ஊற்றும் மருந்தை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி அதே பையின் ஒரு ஓரத்தை அதில் ஊறப் போட்டாள்.

பக்கத்து வீடு வள்ளக்காரர் சூசையுடையது. கோகிலாவைக் கடலுக்குக் கூட்டிப் போகிறவர் அவர்தான். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, கடலுக்குப் பாவாடை தைச்சுக் கொண்டாந்திருக்கியளா?" என்று சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "வாடைக்காத்து எழும்புது டீச்சர். நாளைக்கு ஒருநா தான். அப்புறம் தை மாசம் வரைக்கும் வடகடல்ல வள்ளம் எறக்க மாட்டேன்" என்றார்.

அவர்கள் வடகடல் என்பது பாக் விரிகுடாவைத்தான். தை வரை காத்திருந்தால் அவளுடைய ஒரு வருட வேலை வீண். போன புரட்டாசியில் அள்ளிய மண்ணோடு இந்தப் புரட்டாசி மண்ணை ஒப்பிட வேண்டும். அதை அவள் எனக்கு இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவையே புரிந்தது.

ஐந்தரை மணிக்குக் குவளை ரோஜா நிறமாகிவிட்டது.

"நாங்களே மண்ணுக்குச் சாயம் போடுவோமுங்க அத்தை" என்றாள். "உசுரோட இருந்த புழு, நண்டுக்குஞ்சு மட்டும் சாயத்தைப் புடிச்சுக்கும். செத்த சிப்பி, கல்லு புடிக்காது. அப்புறம் சல்லடையில கழுவிச் செவப்பா இருக்கறத எண்ணுவோம். பையே சாயம் எறக்குச்சுன்னா எது உசுரு எது கல்லுன்னு எப்படீங்க கண்டுபுடிக்கறது?"

"இதையும் லெட்டர்ல எழுதியிருந்தா என்ன?"

"வெள்ளைன்னு எழுதினா வெள்ளை வருமுன்னு நெனச்சேனுங்க."

எனக்கு வந்த கோபத்தில், பைகளை மறுபடி மூட்டை கட்டக் கீழே கிடந்த கிரே துணியை எடுத்தேன். எடுத்ததும் கை நின்றுவிட்டது. பனியன் துணி வட்ட மிஷினில் குழாய் மாதிரியே பின்னி வருவது. பக்கத்தில் தையலே கிடையாது. ஒன்றேகால் அடிக்கு ஒன்றாக வெட்டி, ஒரு முனையை முடிச்சுப் போட்டால் அதுதானே பை? சாயமும் கிடையாது. பதினாறு அடியைப் பதினோரு மணி நேரமாகத் தூக்கித் திரிந்திருக்கிறேன்!

கோகிலா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சல்லடைக் கண்ணை விட இது சின்னதுங்க அத்தை. ஆனா தண்ணியே எறங்க மாட்டேங்குதே?" பின்னும்போது நூலில் ஏறும் எண்ணெய். அது எனக்குத் தெரியாதா? சூசையின் மனைவி ரீத்தா நண்டு அவிக்கும் பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, துணியை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். "இன்னிக்கு எங்க வீட்டுல பனியன் கொழம்பா?" என்று ரீத்தா கேட்டாள். சிரிக்கும் நிலையில் நான் இல்லை. ஏழரைக்குள் பன்னிரண்டு பை தயார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வள்ளம் கிளம்பியது. என் பை, என் முடிச்சு என்று நானும் ஏறினேன். முதல் மணி நேரம் வாந்தி. இரும்பு வாய் வைத்த ஒரு கருவியைக் கயிற்றில் இறக்கி மண்ணைக் கவ்வி எடுப்பாள். நான் பையை விரித்துப் பிடிப்பேன், தண்ணீர் வடிந்ததும் கழுத்தை முடிவேன். முதல் ஆறு இடத்திலும் கடல்புல் வேரோடு, நெளிகிற புழுவோடு மண் வந்தது. ஏழாவது இடத்தில் வெறும் சாம்பல் நிறச் சேறு.

"இங்கன முழங்கா ஒசரத்துக்குப் புல்லு கெடந்துச்சு" என்றார் சூசை. "விசைப்படகு இழுவை மடி வலையப் போட்டுச் சொரண்டிட்டுப் போயிருச்சு. நீங்களும் வருசா வருசம் ஆளு ஆளா வந்து மண்ணை அள்ளிட்டுப் போறிய. யாருகிட்ட குடுத்திய, என்ன சொன்னாக, ஒண்ணும் எங்களுக்குத் தெரியல."

"எழுதி முடிச்சதும் உங்களுக்கும் ஒண்ணு குடுக்கறேனுங்கண்ணா."

"குடுங்க. சேர்த்துப் புல்லும் ரெண்டு கட்டுக் கொண்டாங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவர் மேலும் கோபம், அவர் சொன்னது சரி என்பதிலும் கோபம். மதியம் ஒரு மணிக்குக் கரை திரும்பினோம். பன்னிரண்டு பையும் கிழியவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது ரீத்தா அந்தக் கலர் பைகளைக் கேட்டாள், கருவாடு போட்டு வைக்க. "வேண்டாங்க, சாயம் எறங்கும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மண் பைகளை அடுக்கிக்கொண்டிருந்த கோகிலா நிமிர்ந்து பார்த்தாள். நல்ல பெண், மறுபடி குனிந்துகொண்டாள். முப்பத்தாறையும் திரும்பச் சுமந்து வந்தேன்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி முதல் மார்கழி வரை வடகடல் பக்கம் படகை நம்பிப் போகாதீர்கள். மதுரையில் வண்டி மாற ஒரு மணி நேரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறுமுன் வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், நிரப்பவும் செய்யாதீர்கள். யாராவது வெள்ளை என்று எழுதியிருந்தால் வெள்ளையே கொண்டு போங்கள்.

தீபாவளி கழித்து கோகிலா தன் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். வெள்ளைத் தட்டுகளில் கழுவிய மண். முதல் தட்டில் சிவப்பு நூல் நூலாகப் புழுக்கள், கடுகளவு நண்டுகள். பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஏழாவது தட்டு வெளுத்தே இருந்தது. ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. நான் தைத்த சிவப்புப் பையில் அந்த மண் வந்திருந்தால், அந்தத் தட்டும் சிவந்திருக்கும். அங்கே நிறைய உயிர் இருக்கிறது என்று என் மருமகள் எழுதியிருப்பாள்.