பி ஃபிளாட்டில் ஒரு கல்யாணம்

இரண்டு கல்யாணங்களில் சத்தமில்லாத கிட்டாரோடு மேடையில் நின்றிருக்கிறேன். விரல்கள் கம்பிகளின் மேல் ஓடும், தலையும் தாளத்துக்கு ஆடும். மிக்ஸர் பெட்டியில் மட்டும் என் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் மாத்தளை டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன், வீடு யட்டவத்தையில். என்னோடு வேலை செய்த ஒருத்தி கட்டாருக்குப் போகும்போது அவளுடைய பழைய கிட்டாரை வாங்கிக்கொண்டேன். போனில் வீடியோ பார்த்து வாசிக்கப் பழகினேன். இந்த விரலை இங்கே வை, அந்த விரலை அங்கே வை என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. அதை வைத்துக்கொண்டே நாலு பேர் கொண்ட ஒரு கல்யாண பேண்டில் சேர்ந்துவிட்டேன்.

பிராக்டிஸ் பல்லேபொலையில், கீபோர்ட் வாசிக்கும் அண்ணனின் வீட்டில் நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேண்டைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் புக் பண்ணலாம் என்று ஒரு பெண் வீட்டார் அங்கே வந்திருந்தார்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கட்டுகளுக்கு ஃபிரெட் என்று பெயர். நான் இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போவைப் போட்டிருந்தேன். எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் சின்னக் கிளிப் அது.

"தங்கச்சி, என்ன கீ?" என்று அண்ணன் கேட்டார்.

எந்தச் சுருதி என்று கேட்கிறார். என் விரல்கள் ஜி பிடித்திருந்தன. "ஜி" என்றேன்.

அவர் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்திவிட்டு ஜியில் தொடங்கினார். நானும் தொடங்கினேன். இரண்டு பஸ் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தது போல இருந்தது. வந்திருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார். திரும்பவும் முயன்றோம், திரும்பவும் அதே கோலம். தேநீரைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று அவர்கள் போய்விட்டார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்க எதுல வாசிக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியல தங்கச்சி. கொஞ்ச நாளைக்கு சும்மா கைய வச்சிட்டு நில்லுங்க. சவுண்ட நான் பாத்துக்கிறேன்" என்றார்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு வந்தது ரோஷம். எங்கே பிழை விட்டேன் என்று தெரிந்துகொள்ளாமல் அந்தக் கிட்டாரைக் கீழே வைக்க முடியாது என்று இருந்தது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் மருந்துப் பெட்டி அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். ஒரு ஃபிரெட் நகர்ந்தால் அரைச் சுரம், இரண்டு நகர்ந்தால் முழுச் சுரம். அப்படியானால் கேப்போவை இரண்டாவது ஃபிரெட்டில் போட்டு நான் பிடித்த ஜி, காதில் விழும்போது ஏ. விரலின் வடிவம் ஒன்று, வரும் சத்தம் வேறொன்று! அண்ணன் ஜியில் நின்றார், நான் ஏயில் நின்றேன். இவ்வளவுதான் விஷயம். அன்றைக்குக் கவுண்டருக்குப் பின்னால் தனியாகச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக வசப்பட்டது. ஸ்கேல் என்பது சுரங்கள் வரிசையாக ஏறும் படி. மேஜர் ஸ்கேல் வேண்டுமென்றால் ஒரே கம்பியில் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று ஃபிரெட்டுகளை எண்ணி நகர்ந்தால் போதும். அந்தப் படியில் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் மேஜர் கோர்ட். நடுவில் இருப்பதை மட்டும் ஒரு ஃபிரெட் இறக்கினால் மைனர். சந்தோஷமாக இருந்த கோர்ட் அந்த ஒரு ஃபிரெட்டில் முகம் வாடிப்போவதை முதல் தடவை கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

பஸ்ஸிலும் கடையிலும் அதையே முணுமுணுத்தேன். ஒருநாள் மாத்திரையை நீட்டும்போது "ரெண்டு, ரெண்டு, ஒண்ணு" என்று வாயில் வந்துவிட்டது.

"காலைல ரெண்டு, பகல்ல ரெண்டு, ராவைக்கு ஒண்ணாம்மா?" என்று கேட்டார் வாங்க வந்த பெரியவர்.

"ஐயோ, இல்லைங்க ஐயா! காலைல ஒண்ணே ஒண்ணு!" என்று பதறி உறையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

பிறகு கலேவெலயில் ஒரு கல்யாணம் வந்தது. அண்ணனின் கீபோர்ட் ரிப்பேருக்குப் போயிருந்ததால் யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தார். எங்கள் பேண்டில் பாடுகிற தங்கச்சிக்குத் தொண்டை கட்டியிருந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையும் பொண்ணும் உள்ளே வரும்போது பாட வேண்டிய பாட்டை அவள் ஒரு தடவை மெதுவாகப் பாடிப் பார்த்தாள். மேலே போன இடத்தில் குரல் உடைந்தது.

"அண்ணே, ஒரு டோன் இறக்குங்க. இதுக்கு மேல எனக்கு ஏறாது."

அண்ணன் சுருதி மாற்றும் பட்டனை அழுத்தினார். அது வேலை செய்யவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். அவர் முகம் வெளுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக அவர் எல்லாப் பாட்டையும் சியில்தான் வாசித்திருக்கிறார். மிச்சத்தை அந்தப் பட்டன் பார்த்துக்கொண்டது. வாசலில் மேளச் சத்தம் நெருங்கிவிட்டது.

பாட்டு இருந்த சியிலிருந்து ஒரு டோன், அதாவது இரண்டு ஃபிரெட், இறங்கினால் பி ஃபிளாட். நான் கேப்போவை மூன்றாவது ஃபிரெட்டில் போட்டேன். அங்கே ஜி பிடித்தால் பி ஃபிளாட் கேட்கும்.

"அண்ணே, என் கையப் பாக்காதீங்க, நான் சொல்றத மட்டும் கேளுங்க. பி ஃபிளாட், ஜி மைனர், ஈ ஃபிளாட், எஃப். இந்த நாலுதான் சுத்திச் சுத்தி வரும்."

"நீங்க ஜி தானே புடிச்சிருக்கீங்க?"

"புடிக்கிறது ஜி. கேக்கிறது பி ஃபிளாட்."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் சத்தத்தை ஏற்றினார், பாதிக்கு மேலேயே.

மண்டபம் முழுக்க என் கிட்டார் கேட்டது. முதல் சுற்றை நான் தனியாக வாசித்தேன். ஒவ்வொரு கோர்டும் வருவதற்கு முன் அதன் பெயரை அண்ணனிடம் சொன்னேன். இரண்டாவது சுற்றில் அவரும் சேர்ந்துகொண்டார், பிசகில்லாமல். பாடுகிறவளின் குரல் அந்த இறங்கிய சுருதியில் வழுவழுவென்று போனது. கட்டிய தொண்டைகூட அதற்கு ஒரு அழகைக் கொடுத்தது. பொண்ணு நடந்துகொண்டே மேடையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"நியமய் அக்கே!" என்று டிரம்ஸ் வாசிக்கும் சிங்களத் தம்பி பின்னாலிருந்து கத்தினான். பிரமாதம் என்று அவன் அதற்கு முன் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று பத்துப் பாட்டுக்கு மேல் வாசித்தோம், எல்லாமே இறக்கிய சுருதியில். மாப்பிள்ளையின் மாமாக்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் தன் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"இல்லண்ணே, நீங்க சொன்னது சரிதானே. எனக்கு அப்ப தெரியல."

"எனக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியல" என்று சொல்லி, சோற்றைப் பிசைந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

இப்போது எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்பதை எங்கள் பேண்டில் நான்தான் சொல்கிறேன். பாடுகிறவளின் குரலை முதலில் கேட்பேன். பிறகு கணக்குப் போடுவேன். நான் வாயைத் திறக்கும் வரை மூன்று பேரும் காத்திருப்பார்கள்.